சிறு கைகளும் பொதுப்பணியும்: மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றில் ஓர் ஏடு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் அரசர்களையும் போர்களையும் சட்டங்களையும் ஆராய்வது வழக்கம். ஆயின், அச்சமுதாயம் தன் சிறுவர்களின் கைகளில் எதைக் கொடுத்தது என்பதும் வரலாற்றுக் கேள்வியே ஆகும். ஏட்டைக் கொடுத்ததா, கூடையைக் கொடுத்ததா, மண்வெட்டியைக் கொடுத்ததா? கொடுத்தவர் யார்? அவ்வேலையின் பயன் யாரைச் சேர்ந்தது? இக்கேள்விகளை இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை நோக்கிக் கேட்டால், ஏறத்தாழ 200 ஆண்டுக் கதையொன்று விடையாகக் கிடைக்கின்றது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு குடும்பமாக நின்று ஊர்ப்பணி செய்தல் நன்று என்று இக்காலத்தில் பலரும் எடுத்துரைக்கின்றனர். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை முதலிய பகுதிகளில் அக்கூற்றுக்குத் தனியானதொரு பொருள் உண்டு. அங்கே குடும்பம் முழுவதும் சேர்ந்து உழைப்பது புதுமையன்று. அவ்வுழைப்பு யாருக்குரியது என்பதே அங்கு எழுந்த வழக்கு.

1820களில் பிரித்தானியர் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினர். தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே நடந்து, மாத்தளை வழியாக மலையேறினர். கோப்பி பருவப்பயிர். ஆகையால் காய் பறிக்கும் காலத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய ஆண்களே அக்காலத்தில் மிகுதி. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை, அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலையோ ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. வாரந்தோறும் கொழுந்து கிள்ளப்படவேண்டியது. அதற்கு ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கியிருக்கும் கைகள் தேவைப்பட்டன. கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்களின் கைகளும், சில்லறை வேலைகளுக்குச் சிறுவரின் கைகளும் வேண்டியிருந்தன. ஆகவே கங்காணிமார் ஆட்களைத் திரட்டுவதை விட்டுக் குடும்பங்களைத் திரட்டலாயினர். மலைநாட்டுத் தமிழ்க் குடும்பம் அங்கே நிலைகொண்டதற்கு அடிப்படைக் காரணம் தேயிலைச் செடியின் இயல்பே எனலாம்.

அக்குடும்பத்தின் நாள் விடியுமுன் தப்பின் ஓசையோடு தொடங்கியது. பெரட்டுக்களத்தில் எல்லாரும் நிரையாக நின்றனர். கணக்கப்பிள்ளை பேர் பதிந்தார். செக்ரோல் எனப்பட்ட அப்பதிவேட்டில் தந்தையின் பெயருக்கும் தாயின் பெயருக்கும் கீழே பிள்ளையின் பெயரும் ஏறியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தை அடுத்து நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி விகிதத்தைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். மலையுச்சிப் பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று அது வகுக்கப்பட்டது. அரசாங்கமே சிறுவருக்கென ஒரு கூலியை வகுத்தமையால், சிறுவர் உழைப்பு எவ்வளவு இயல்பானதாகக் கருதப்பட்டது என்பது புலனாகும். கூலி கிடைத்தது உண்மை. அந்தச் சட்டம் தொழிலாளருக்கு ஒரு பாதுகாப்பாக அமைந்ததும் உண்மை. ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் ஒரு நாள் 32 சதமாக எழுதப்பட்டது என்பதும் அதே ஏட்டில் உள்ள உண்மையே.

கூலி எழுதப்படாத வேலையும் பிள்ளைகளுக்கு இருந்தது. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான லயத்து அறையில், தாய் மலைக்குச் சென்றபின் வீட்டைக் காத்தவள் மூத்த மகளே. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிச் செல்வதும், பீலியில் தண்ணீர் பிடிப்பதும், விறகு பொறுக்குவதும், தம்பி தங்கையருக்குச் சோறு ஊட்டுவதும் அவள் கடமைகளாயின. கல்வியோ இவற்றுக்கெல்லாம் பின்னரே இடம்பெற்றது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புகளும் ஒருங்கே என்ற நிலையே நீடித்தது. பாடசாலை நேரமும் தோட்டத்து வேலை நேரத்துக்குத் தக்கவாறே அமைந்தது.

இவ்வளவு நெருக்கடிக்குள்ளும் தோட்டத்து மக்கள் தமக்கென ஒரு பொதுவாழ்வை உண்டாக்கிக்கொண்டனர். அதுவே குடும்பத் தொண்டின் உண்மையான தொடக்கம். மாரியம்மன் கோயிலின் ஆண்டுத் திருவிழாவை எண்ணிப் பார்த்தல் தகும். ஆண்கள் பந்தல் கட்டினர். பெண்கள் மாவிளக்குக்கு மாவிடித்தனர். சிறுவர் மாவிலைத் தோரணம் கட்டியும், பாதையில் புல் செதுக்கியும், தேருக்கு முன்னே தண்ணீர் தெளித்தும் பணி செய்தனர். மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன்கூத்தோ மேலும் சிறப்புடையது. ரதி, மதன் வேடங்களும் தப்படிக்கும் முறையும் பாட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாகச் சென்றன. கூத்துக்குக் காசு திரட்டுவதும், வேடப்பொருள் செய்வதும், இரவு முழுவதும் விழித்திருந்து ஆட்டத்தை நடத்துவதும் லயங்கள் அனைத்தும் பங்கேற்ற பொதுப்பணிகளாயின. ஒருவர் இறந்தபோது மற்றக் குடும்பங்கள் விறகும் அரிசியும் கொண்டுவந்தன. பின்னாளில் இவ்வழக்கமே மரண உதவிச் சங்கங்களாக உருப்பெற்றது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்னும் பழமொழியின் பொருளைத் தோட்டத்துப் பிள்ளை புத்தகத்தில் படித்து அறியவில்லை; வடத்தைப் பிடித்தே அறிந்தது. இவ்வேலைகளுள் ஒன்றேனும் செக்ரோலில் ஏறவில்லை என்பதே இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. பெரட்டுக்களத்தில் 32 சதமாக எண்ணப்பட்ட அதே சிறு கை, கோயில் முன்றிலில் எண்ணப்படாத கையாக, தன் மக்களுக்குத் தானே ஈந்த கையாக மாறியது.

தோட்டத்துக்கு வெளியேயிருந்தும் தொண்டுள்ளம் கொண்டோர் வந்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். 1919இல் தோட்டத் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்தபோது அதன் செயலாளராக விளங்கியவர் மலைநாட்டிலேயே பிறந்து கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பிய பெரி. சுந்தரம் ஆவார். அவர்கள் முயற்சியின் பயனாகத் தொழிலாளரைக் கடனால் பிணைத்த துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தந்தையின் கடன் குடும்பம் முழுவதையும் கட்டிவைத்த காலத்தில் இது பேருதவியாயிற்று.

குடும்பமாகத் தொண்டு செய்தோர் என்று கூறத் தகுந்தவர்களுள் முதன்மையானோர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் ஆவர். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த நடேசய்யர், அந்நியர் தோட்டத்துள் புகுதல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் புடவை வியாபாரியைப்போல உட்சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்னும் இதழ்களின் மூலம் அதனை வெளியுலகுக்கு உரைத்தார். 1931இல் ஹட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். கூட்டங்களிலே மீனாட்சி அம்மையார் மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். எழுத்தறியாத தாய்மாருக்கும் அவர்தம் இடுப்பிலிருந்த பிள்ளைகளுக்கும் சொற்பொழிவு எட்டாத இடத்தில் பாட்டு எட்டியது. அப்பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. கணவன் எழுத, மனைவி பாட, இருவரும் ஒரே பணியில் நின்றமை தோட்டத்து மக்களுக்கு ஒரு புதிய காட்சியாக இருந்தது. பெண்ணும் பொதுப்பணிக்கு உரியவள் என்னும் பாடத்தை அக்காட்சி சொல்லாமற் சொல்லியது.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதே பயணத்தின் நோக்கம். கஸ்தூரிபா அம்மையாரும் இராஜாஜியும் மகாதேவ தேசாயும் உடன் வந்திருந்தனர். கண்டி, பதுளை முதலிய மலைநாட்டு நகரங்களிலும் அவர் பேசினார். தொழிலாளர் தம் சிறு காசையும் அந்நிதிக்கு அளித்தனர். கூலி வாங்குவோர் என்று மட்டுமே எண்ணப்பட்ட மக்கள், கொடுப்போராகவும் தம்மைக் கண்டுகொண்ட தருணங்களுள் அதுவும் ஒன்று. கொடுக்க வல்லோரே தொண்டு செய்ய வல்லோர். கொடுப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று வழி கூறப்பட்டது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. முடிவில் ஏறத்தாழ 134,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. பிறப்புச் சான்று எங்கே, எந்த ஆண்டு முதல் வாசம், இடையில் நாட்டைவிட்டு நீங்கியது உண்டா என்னும் கேள்விகளுக்கு எழுத்தறியாத பெற்றோர் எவ்வாறு விடை எழுதுவர்? இங்கேதான் படித்த பிள்ளையின் பெருமை புலப்படுகின்றது. தோட்டத்துப் பாடசாலையில் நான்கெழுத்துக் கற்ற சிறுவனும் சிறுமியும் லயத்தின் எழுத்தராயினர். இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுதல், பதில் எழுதுதல், படிவத்தில் பெயரையும் தேதியையும் பார்த்துச் சொல்லுதல் ஆகிய யாவும் தம் வீட்டோடு நில்லாமல் அடுத்த வீட்டுக்கும் செய்த பணிகளே. சமூக சேவை என்ற பெயரை அவர்கள் அறியார். ஆயினும் பெற்றோரின் அனுபவமும் பிள்ளையின் எழுத்தறிவும் ஒன்றுகூடிச் செய்த அப்பணியைவிட உயர்ந்த குடும்பத் தொண்டைக் காண்டல் அரிது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளைகள் மற்றொரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. பல தலைமுறைகளாகக் கூத்தும் திருவிழாவும் மரணக் கடமையும் சேர்ந்து நடத்திய லயங்கள் பாதியாயின. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கிய பின்னரே அந்த நீண்ட வழக்கு முடிவுக்கு வந்தது.

இதே காலப்பகுதியில் இலங்கையின் மற்றொரு மூலையில் ஒரு புதிய முயற்சி தோன்றியது. 1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த 27 வயது இளைஞர் ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவர்களோடும் சக ஆசிரியர்களோடும் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். சாதியின் பெயரால் சிங்களச் சமுதாயத்தில் ஒதுக்கப்பட்ட ரொடி மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்து மாணவர்கள் அவர்களோடு தங்கி, உடனுண்டு, மண்வெட்டி பிடித்து வேலை செய்தனர். அதிலிருந்து வளர்ந்ததே சர்வோதய சிரமதான இயக்கம். காந்தியடிகளிடமிருந்து சர்வோதயம் என்னும் சொல்லையும், வினோபா பாவேயின் பூதானத்திலிருந்து ஊக்கத்தையும், பௌத்த அறத்திலிருந்து ஒழுக்க நெறியையும் அது பெற்றுக்கொண்டது. 1969இல் ஆரியரத்னவுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அவர் காலமானார்.

அம்முகாம்களின் அமைப்பில் இப்பொருளுக்கு வேண்டிய செய்தியொன்று உண்டு. நாளின் வேலைக்கு இடையே அனைவரும் ஓரிடத்தில் கூடுவர். அக்கூட்டத்துக்குக் குடும்பச் சந்திப்பு என்று பொருள்படும் சிங்களப் பெயர் வழங்கப்பட்டது. முதியோரும் தாய்மாரும் இளைஞரும் குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து பாடுவர்; செய்த வேலையையும் செய்யவேண்டிய வேலையையும் பேசுவர். ஒருவரையொருவர் பட்டம் பதவி சொல்லி அழையாமல் அம்மா, அண்ணா, அக்கா, தம்பி, தங்கை என்னும் உறவுப்பெயரால் அழைக்கவேண்டும் என்பதும் அங்கு வழக்கம். குழந்தைக்கும் பேச இடமிருந்தது. வேலையில் மட்டுமன்றி ஆலோசனையிலும் பங்கு பெற்றவரே பொதுப்பணியில் உண்மையாகப் பங்கு பெற்றவர் என்ற கருத்து இதில் அடங்கியுள்ளது.

இவ்வாறு கூடிச் செய்யும் பணிக்கு உலகின் பல பகுதிகளிலும் பெயர்கள் உண்டு. சிங்கள உழவர் வயல் வேலையில் ஒருவருக்கொருவர் கைம்மாறாக உழைப்பதை அத்தம் என்பர். இந்தோனேசியர் கொத்தோங் ரோயோங் என்பர். பின்லாந்து நாட்டவர் தல்கோத் என்பர். பொதுவேலையின்போது பிள்ளைகளை வீட்டில் அடைத்துவைக்காமல் உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இத்தகைய சமுதாயங்கள் பலவற்றில் உண்டு. இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் தொடங்கியதும் மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையிலேயே. ஆயினும் சாரணியம் சிறுவரைச் சிறுவரோடு சேர்த்தது. சிரமதானமோ சிறுவரைப் பெற்றோரோடும் பாட்டன் பாட்டியோடும் சேர்த்தது. தோட்டத்துக் குடும்பங்களின் பழைய திருவிழா முறைக்கு இரண்டாவதே நெருங்கியது.

எனினும், மலைநாட்டில் சிரமதானத்தைப் போற்றுவோர் ஓர் உண்மையை மறத்தல் கூடாது. உழைப்பைத் தானமாகக் கேட்பதும் உழைப்பைப் பறிப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மன்னர்கால இராஜகாரியமும் பொதுநன்மையின் பெயராலேயே மக்களின் உழைப்பைப் பெற்றது. பிரித்தானியர் ஆட்சியிலும் தொடர்ந்த அது, 1830களின் தொடக்கத்தில் கோல்புறூக் சீர்திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டங்களின் வரலாற்றிலும் இதற்கு எச்சரிக்கைகள் உண்டு. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. வெறுங்காலோடு நடந்த தொழிலாளரையும் பிள்ளைகளையும் அந்நோய் வெளிறச் செய்து வலுவிழக்கச் செய்தது. மருந்து கொடுப்பதற்குத் தோட்டத்துரைமார் இணங்கினர். மலகூடம் கட்டுவதற்கோ பலர் தயங்கினர். மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணை மிதித்து அதே நோயைப் பெற்றனர். லயத்து முற்றத்தைப் பிள்ளைகள் எவ்வளவு கூட்டிப் பெருக்கினாலும், கட்டவேண்டியவர் மலகூடத்தைக் கட்டாதவரை நோய் நீங்கியிராது. தொண்டின் எல்லை எது, கடமையின் எல்லை எது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்னைய காலத்துச் சான்றும் ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபைகள் பொதுநிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தேர்தலில் வாக்களித்த மக்கள் தம் லயத்துக்குச் செல்லும் பாதைக்குத் தம் சபையிடமிருந்து ஒரு வண்டி கல்லும் பெறமுடியாத நிலை 2018இல் அச்சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. கம்பனி செய்யாததையும் சபை செய்ய இயலாததையும் மக்கள் தம் தோளிலேயே ஏற்றுச் செய்தனர். அவர்களைப் போற்றல் தகும். ஆயின் அப்போற்றுதல், கடமையை மறந்தோருக்கு ஒரு திரையாகிவிடல் தகாது. திருத்தத்துக்குப் பின் சபைக்கு விண்ணப்பம் எழுதுவதும் கூட்டத்துக்குச் செல்வதும் குடும்பத் தொண்டின் பகுதியாகவே கொள்ளத்தக்கன. பாதையிலே மண் நிரப்பிய பிள்ளை, அப்பாதை யாருடைய பொறுப்பு என்பதையும் சேர்த்து அறிந்தால்தான் அது கல்வியாகும்.

ஆகவே, மலைநாட்டின் அனுபவத்திலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பெற்றோர் தாமும் உடன் நின்று செய்யவேண்டும். பிள்ளையை அனுப்பிவிட்டுத் திண்ணையிலிருப்பது ஏவல். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பர். ஐந்து வயதுப் பிள்ளை வளைவது ஐம்பது வயதினர் வளைவதைக் கண்டே. இரண்டாவது, பாடசாலை நேரமும் படிப்பு நேரமும் விளையாட்டும் தொண்டின் பெயரால் குறைதல் ஆகாது. 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் சிறுவரை வேலைக்கமர்த்துவதைக் கட்டுப்படுத்தியது. வேலைக்கு அமர்த்தத்தக்க குறைந்த வயது 14ஆக இருந்தது, 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. செக்ரோலிலிருந்து நீக்கப்பட்ட சிறுவரின் பெயர் வேறொரு பெயரில் மீண்டும் ஏறிவிடலாகாது. மூன்றாவது, வேலையின் பயன் வேலை செய்தோர் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஊற்றைச் சுற்றிக் கல்லடுக்கிக் காத்தால் தண்ணீர் தெளிவதைப் பிள்ளை காணும். லயத்தின் பின்புறக் கானைத் துப்புரவு செய்தால் மழை நாளில் வீட்டுக்குள் நீர் புகாததைக் காணும். நான்காவது, பாரம் தூக்குதல், செங்குத்துச் சரிவில் மண் வெட்டுதல், மருந்து தெளித்தல் ஆகியவற்றில் சிறுவருக்கு இடமில்லை. கண்ணுக்கும் கருத்துக்கும் வேலை தரும் பணிகளே அவர்களுக்குரியவை.

சரிவு என்றதும் நினைவுக்கு வருவது 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள். கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காலையில் பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்தம் பெற்றோர் பலர் மண்ணுள் மறைந்தனர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மலைநாட்டுக் குடும்பம் சேர்ந்து செய்யத்தக்க பணிகளுள் தலையாயது எது என்பதை அத்துயரம் உணர்த்துகின்றது. நிலத்தில் வெடிப்புத் தோன்றுகிறதா, ஊற்று திடீரெனக் கலங்குகிறதா, மரங்கள் சாய்கின்றனவா என்பவற்றை முதலில் காண்போர் மலையெங்கும் ஓடித்திரியும் பிள்ளைகளே. கண்டதை வீட்டில் சொல்லவும், வீட்டார் அதைக் கிராம அலுவலருக்கு அறிவிக்கவும், அறிவிப்பைப் பெற்றவர் செயற்படும் வரை ஊர் விடாது கேட்கவும் பழகினால், அப்பழக்கம் ஆயிரம் மண்வெட்டிக்கு ஈடாகும். சிறுவர் சொல்லை முதியோர் மதித்துக் கேட்பதும் தொண்டின் ஒரு பகுதியே.

இப்பழக்கம் வேரூன்றுவதற்குத் தக்க இடம் பாடசாலை. 1977ஆம் ஆண்டு தொடக்கம் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியோடு பல பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. ஒரே ஆசிரியர் ஓரறையில் கற்பித்த இடங்களிலிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் தோன்றினர். பெற்றோர் தம் ஓய்வு நாளில் மண்வெட்டியோடும் கத்தியோடும் பாடசாலைக்கு வந்து, பிள்ளைகளோடு முற்றத்தைத் திருத்தி, வேலி கட்டி, மரம் நட்டுச் செல்லும் சிரமதான நாள்கள் மலைநாட்டுப் பாடசாலைகளுக்குப் பழக்கமானவை. கையெழுத்திட அஞ்சி அதிபரின் அறை வாயிலிலேயே நிற்கும் தாய், அந்நாளில் நாற்று நடும் முறையை ஆசிரியருக்கே கற்றுக்கொடுக்கிறாள். தன் தாய் அறிந்தது ஒன்று உண்டு, அதைப் பாடசாலையும் மதிக்கிறது என்று பிள்ளை காணும் அக்கணம் எந்தப் பாடநூலிலும் இல்லாதது. தோட்ட வேலையை வெட்கத்துக்குரியதாக எண்ணி ஒதுங்கும் இளைஞர் மனத்துக்கு அதுவே மருந்து.

கடந்த சில ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்த இடங்களில் லயத்து வாழ்வு மறையத் தொடங்கியுள்ளது. ஒரே கூரையின்கீழ் நெருங்கி வாழ்ந்த துன்பம் நீங்குவது நன்மையே. ஆயின் அந்நெருக்கத்தோடு பிறந்த ஒத்துழைப்பும் உடன் மறைந்துவிடலாகாது. கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் தாயோ தந்தையோ வேலை தேடிச் சென்ற வீடுகளில், பாட்டியும் பேரப்பிள்ளையுமே குடும்பமாக எஞ்சியுள்ளனர். அத்தகைய குடும்பத்தையும் ஊர்ப்பணியில் சேர்த்துக்கொள்வது அவர்களுக்குத் துணையாகும். பாட்டிக்குத் தெரிந்த பாட்டைப் பேரன் எழுதி வைத்தாலும் அது தொண்டே. நாடாளுமன்ற உறுப்பினராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிராவிடில், பல தாய்மாரின் குரல் அவர்களோடு மறைந்திருக்கும்.

2023ஆம் ஆண்டு, மலைநாட்டுத் தமிழரின் 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி 16 நாள்களில் 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. முன்னோர் பசியோடும் நோயோடும் நடந்து, வழியிலே தம்மவர் பலரைப் புதைத்து வந்த அதே வழி. முன்னோர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றது நிலமன்று, பொன்னுமன்று. பிறர் துன்பத்தில் கைகொடுக்கும் ஒரு பழக்கமே. அப்பழக்கத்தைச் செக்ரோல் அழிக்கவில்லை. குடியுரிமைச் சட்டமும் அழிக்கவில்லை. அது அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்வதும் சேராததும், வரும் ஞாயிற்றுக்கிழமை ஊற்றைத் துப்புரவு செய்யப் போகும் தந்தை தன் மகளையும் மகனையும் கூட அழைத்துச் செல்கிறாரா என்பதைப் பொறுத்தது. அழைத்துச் சென்றால், அந்த ஊற்று யாருக்குரியது என்பதையும், அதைக் காக்க யாரெல்லாம் கடமைப்பட்டவர் என்பதையும் வழியிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போகலாம்.